குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி இல்லாத சுண்டெலி: வளர்ப்பும் சோதனையும்

சுண்டெலியின் அழுத்த ஹார்மோன் கார்டிகோஸ்டீரோன், குளுக்கோகார்டிகாய்டு வகையைச் சேர்ந்தது. மனிதருக்கு அந்த வேலையைச் செய்யும் கார்டிசால் எலியின் அட்ரினல் சுரப்பியில் உருவாவதில்லை; அதற்கு வேண்டிய சிஒய்பி17 நொதி அங்கே கிடையாது. இது தெரியாமல் கார்டிசால் கிட் வாங்கி எலி ரத்தத்தில் ஓட்டிவிட்டு, அளவு ஏன் இவ்வளவு குறைவு என்று தலையைச் சொறிபவர்கள் இன்றைக்கும் உண்டு.

கார்டிகோஸ்டீரோனைப் பிடித்துச் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள், அதாவது ஏற்பிகள், இரண்டு. மினரலோகார்டிகாய்டு ஏற்பி, அதாவது எம்ஆர், ஹார்மோனைச் சுமார் 10 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் எலி நிம்மதியாகத் தூங்கும் வேளையிலும் மூளையில் எம்ஆர் பெரும்பாலும் நிரம்பியே இருக்கும். குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி, அதாவது ஜிஆர், ஹார்மோன் ஏறும்போதுதான் நிரம்பும்: விளக்கு அணைவதற்குச் சற்று முன் வரும் அன்றாட உச்சத்தில், அல்லது எலி மிரளும்போது. அழுத்தத்துக்கு உடல் எப்படி மறுமொழி தருகிறது என்று கேட்பவர்கள் ஜிஆரைத் தேடி வருவது இதனால்தான்.

ஆனால் ஜிஆர் செய்தியைக் கேட்கும் காது மட்டும் அல்ல. மூளையின் ஹைப்போதலாமஸும் அதன் கீழுள்ள பிட்யூட்டரியும் சேர்ந்து அட்ரினலை முடுக்குகின்றன; இந்தத் தொடருக்குத்தான் அழுத்த அச்சு என்று பெயர். அட்ரினலில் இருந்து வரும் கார்டிகோஸ்டீரோன் திரும்பிப் போய் அதே இரண்டு இடங்களிலும் ஜிஆர் வழியாக முடுக்கத்தை நிறுத்துகிறது. மொட்டைமாடித் தொட்டியில் மிதவை செய்யும் வேலை. மிதவையைக் கழற்றினால் தண்ணீர் நிற்காது. ஜிஆரை நீக்கிய எலியில் பல சமயம் நடப்பது இதுதான்: ஏற்பி போகிறது, ஹார்மோன் ஏறுகிறது, ஏறிய ஹார்மோன் எம்ஆரிலும், ஜிஆர் இன்னும் மிச்சமிருக்கும் திசுக்களிலும் வேலை செய்கிறது. ஆக, கையில் இருப்பது ஒரு மாற்றம் கொண்ட எலி அல்ல, இரண்டு மாற்றம் கொண்ட எலி. எந்த விளைவு எதனால் வந்தது என்று பிரிக்காமல் எழுதப்பட்ட ஆய்வுகள் நிறைய உண்டு. இந்தப் பதிவில் சொல்வதெல்லாம் அந்தப் பிரித்தலுக்காகத்தான்.

1995இல் இருந்து

உடல் முழுவதும் ஜிஆரைச் சிதைத்த முதல் எலி 1995இல் வெளியானது, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் குந்தர் ஷூட்ஸ் குழுவின் வேலை. மரபணுவின் 2ஆம் எக்ஸானில் (எக்ஸான் என்பது மரபணுவில் புரதத்துக்கான செய்தி உள்ள துண்டு) ஒரு நியோமைசின் துண்டைச் செருகினார்கள். பெரும்பாலான குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் இறந்தன, நுரையீரல் விரியவில்லை. கருவின் நுரையீரல் முதிர்வதற்குக் குளுக்கோகார்டிகாய்டு செய்தி தேவை. ஆனால் ஒரு சிறு பங்கு குட்டிகள் பிழைத்து வளர்ந்தன. ஏற்பியே இல்லாமல் எப்படிப் பிழைத்தன என்பதற்கு விடை பின்னால் கிடைத்தது: 2ஆம் எக்ஸானைக் கெடுத்தாலும் 3 முதல் 9 வரையுள்ள எக்ஸான்களில் இருந்து ஒரு குட்டைப் புரதம் உருவாகிறது. டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியும் ஹார்மோனைப் பிடிக்கும் பகுதியும் அதில் இருக்கின்றன. அந்தத் துண்டு ஹார்மோனுக்கு இணங்கி மரபணுக்களை இயக்கவும் செய்கிறது என்று 2003இல் காட்டினார்கள். ஆகவே அந்த எலியை நாக்-அவுட், அதாவது மரபணு முற்றிலும் செயலிழந்த எலி, என்று சொல்வது சரியல்ல. பாதி வேலை செய்யும் ஏற்பி கொண்ட எலி அது. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த எக்ஸானைத் தொட்டார்கள் என்று முதலில் பாருங்கள், முடிவுரையை அப்புறம் படிக்கலாம்.

இதே துறையில் இன்னொரு எலி இதற்கு நல்ல எதிர்முனை. சிஆர்எச் என்பது ஹைப்போதலாமஸ் அனுப்பும் முதல் கட்டளை. சிஆர்எச் மரபணு இல்லாத எலியையும் 1995இல்தான் உருவாக்கினார்கள். அங்கேயும், தாய் தந்தை இருவருக்கும் மரபணு இல்லாதபோது, குட்டிகள் நுரையீரல் முதிராமல் இறந்தன. ஆனால் தாய்க்கு ஒரு நல்ல பிரதி இருந்தால் அவள் ரத்தத்தில் உள்ள கார்டிகோஸ்டீரோன் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போய்க் காப்பாற்றிவிடும். அவளிடமும் இல்லையென்றால், சினையின் 12ஆம் நாளில் இருந்து குடிநீரில் கார்டிகோஸ்டீரோன் கலந்து கொடுத்தால் போதும். 1998இல் வந்த சிஆர்எச் ஏற்பி-1 நாக்-அவுட்டிலும் இதே கதைதான். ஹார்மோன் இல்லாத எலிக்கு ஹார்மோன் கொடுக்கலாம். ஏற்பி இல்லாத எலிக்கு எதைக் கொடுத்தும் பயனில்லை. ஜிஆர் ஆய்வு முழுக்க நிபந்தனை நாக்-அவுட் (வேண்டிய திசுவில் அல்லது வேண்டிய காலத்தில் மட்டும் மரபணுவை நீக்குவது) பக்கம் நகர்ந்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

1999இல் அதே ஹைடல்பெர்க் குழு 3ஆம் எக்ஸானின் இரு புறமும் லாக்ஸ்-பி வைத்த எலியை வெளியிட்டது. லாக்ஸ்-பி என்பது 34 காரங்கள், அதாவது டிஎன்ஏ எழுத்துகள், கொண்ட ஒரு வரிசை. கிரீ என்ற நொதி இரண்டு லாக்ஸ்-பிகளைக் கண்டால் நடுவில் இருப்பதை வெட்டி எடுத்துவிடும். 3ஆம் எக்ஸான் ஏன் என்றால், டிஎன்ஏவைப் பிடிக்கும் முதல் துத்தநாக விரல் அதில்தான் இருக்கிறது. அதை எடுத்தால் அதற்குப் பின் எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் வாசிப்புச் சட்டமும் குலைந்துபோகும். நரம்பு மண்டலத்தில் கிரீயை உருவாக்கும் நெஸ்டின்-கிரீ எலியோடு இணைத்தபோது நரம்பு மண்டலத்தில் மட்டும் ஜிஆர் போனது, எலி பிழைத்தது, பதற்றம் குறைவாகக் காட்டியது. கூடவே கார்டிகோஸ்டீரோன் ஏறி, குஷிங் நோய் போன்ற அறிகுறிகளும் வந்தன. மேலே சொன்ன இரட்டை மாற்றத்துக்குப் பாடநூல் எடுத்துக்காட்டு இந்த எலியே.

இடையில் 1998இல் வந்த ஜிஆர்-டிம் எலியையும் சொல்ல வேண்டும். 458ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின். ஏற்பிகள் ஜோடி சேர்வதைத் தடுக்கும் என்று வடிவமைத்தார்கள்; எலி உயிரோடு வளர்ந்தது. ஜோடி சேராமலேயே ஜிஆர் பல வேலைகளைச் செய்கிறது என்று அதிலிருந்து நீண்ட காலம் முடிவெடுத்தார்கள். அந்த மாற்றத்தோடும் ஏற்பி ஜோடி சேர்கிறது என்று பிந்தைய உயிரணு ஆய்வுகள் காட்டிவிட்டன. எனவே ஜிஆர்-டிம் எலியை "ஜோடி சேராத ஜிஆர்" என்று எழுதாதீர்கள். டிஎன்ஏவோடு பிணைப்பு தளர்ந்த ஜிஆர் என்று எழுதினால் வம்பில்லை.

எந்தக் கிரீ?

இதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

நெஸ்டின்-கிரீ கருவிலேயே நரம்பு முன்னோடிச் செல்களில் வெட்டத் தொடங்கிவிடும். மூளை வளர்ந்த முழுக் காலமும் ஜிஆர் இல்லாமலேயே போகிறது. வளர்ந்த எலியில் தெரியும் மாற்றம் இன்றைய குறையா, வளர்ச்சியின் தழும்பா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு மேல் ஒரு சிக்கல்: பரவலாகப் புழங்கும் நெஸ்டின்-கிரீ எலி எந்த லாக்ஸ்-பியும் இல்லாமல் தனியாகவே எடை குறைவாக வளரும், பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று 2010இல் காட்டினார்கள். பயக் கற்றல் சோதனையிலும் அது தனியாகவே மாறுபடும் என்று 2014இல் தெரியவந்தது. அழுத்த ஆய்வில் எடையும் பயமும்தான் நாம் அளப்பவை. லாக்ஸ்-பி மட்டும் உள்ள எலியை மட்டும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு நெஸ்டின்-கிரீ முடிவை நம்புவது, என்னைக் கேட்டால், வீண் வேலை. கிரீ மட்டும் உள்ள குழு ஒன்று கட்டாயம் வேண்டும்.

சிஏஎம்-கைனேஸ்-2 ஆல்ஃபா புரோமோட்டரில் (மரபணு எந்தச் செல்லில் இயங்கும் என்று தீர்மானிக்கும் பகுதி) ஓடும் கிரீ பிறப்புக்குப் பின் முன்மூளையின் கிளர்த்தும் நரம்பணுக்களில் வெட்டும். அமெரிக்காவில் 2005இல் வெளியான முன்மூளை ஜிஆர் நாக்-அவுட் இந்த வகை. கார்டிகோஸ்டீரோன் ஏறியது, டெக்ஸாமெதாசோன் என்ற செயற்கைக் குளுக்கோகார்டிகாய்டைக் கொடுத்தும் சரியாக அடங்கவில்லை, நடத்தை மனச்சோர்வை ஒத்திருந்தது. முழு நரம்பு மண்டலத்தில் நீக்கினால் பதற்றம் குறைகிறது, முன்மூளையில் நீக்கினால் சோர்வு கூடுகிறது. இரண்டும் ஒரே ஏற்பிதான். இதில் கவனிக்க வேண்டியது வயது. அந்தக் கிரீ மெல்ல மெல்லத்தான் வெட்டும். நீக்கம் முழுமையடைய 4 முதல் 6 மாதம் ஆகும். 8 வார எலியில் சோதனை செய்துவிட்டு "விளைவில்லை" என்று எழுதினால், அந்த எலியில் ஏற்பி பாதி இன்னும் இருந்திருக்கலாம்.

டோபமைன் பெறும் நரம்பணுக்களில் டி1-ஏ கிரீயால் ஜிஆரை நீக்கிய எலி, தொடர்ச்சியாக வலிய எலியிடம் தோற்ற பிறகும் பிற எலிகளை ஒதுக்கவில்லை. டோபமைன் அனுப்பும் நரம்பணுக்களில் நீக்கியபோது அந்த மாற்றம் இல்லை. 2013இல் வந்த இந்த வேலைதான் என் பார்வையில் இந்தத் துறையில் மிக நேர்த்தியாக வடிவமைக்கப்பட்டது: ஒரே ஏற்பி, ஒரே சுற்று, இரு முனைகளில் தனித்தனியே நீக்கம்.

டமாக்சிஃபென் கொடுத்து முடுக்கும் கிரீ வகைகள் வளர்ச்சிச் சிக்கலைத் தீர்க்கும். டமாக்சிஃபெனை மக்காச்சோள எண்ணெயில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் என்று கரைக்க வேண்டும். 37 டிகிரியில், வெளிச்சம் படாமல், இரவு முழுக்கக் குலுக்கினால்தான் கரையும். அவசரப்பட்டால் அடியில் தங்கும் பொடியை ஊசி உறிஞ்சாது, எலிக்கு எலி அளவு மாறும். நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம், 5 நாள், வயிற்றறையில். டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு விளையாடும் மருந்து, அழுத்த அச்சும் ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்குவது. எனவே ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே மருந்து, அதே நாட்கள். அதற்குப் பின் குறைந்தது 3, 4 வாரம் காத்திருப்பு.

மூளையின் ஒரு சிறு புள்ளி மட்டும் போதும் என்றால் கிரீ எலியே தேவையில்லை. லாக்ஸ்-பி எலியில் கிரீ தாங்கிய ஏஏவி வைரஸை 200 முதல் 300 நானோலிட்டர், நிமிடத்துக்கு 100 நானோலிட்டருக்கு மேல் போகாமல் செலுத்தி, ஊசியை மேலும் 5 முதல் 10 நிமிடம் அங்கேயே நிறுத்தி, மெதுவாக எடுக்க வேண்டும். உடனே உருவினால் வைரஸ் ஊசித் தடத்தில் மேலேறி மேற்பட்டையையும் வெட்டிவிடும். சோதனைக்கு முன் 3 வாரம் விடுங்கள். வைரஸ் அடர்த்தி கூடிப்போனால் கிரீயே நரம்பணுக்களைக் கொல்லும். ஜிஆர் சாயம் மறைந்த இடத்தில் நரம்பணு சாயமும் மங்கியிருந்தால் நீங்கள் பார்ப்பது ஏற்பி நீக்கம் அல்ல, செல் சாவு.

ஈற்றுக் கணக்கு

லாக்ஸ்-பி இரு பிரதியிலும் உள்ள எலியைக் கிரீ எலியோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் பாதிக் குட்டிகள் கிரீயும் ஒற்றை லாக்ஸ்-பியும் கொண்டிருக்கும். அவற்றை மறுபடி இரட்டை லாக்ஸ்-பி எலியோடு சேர்த்தால் நாலில் ஒன்று நமக்கு வேண்டிய குட்டி. அதில் ஆண் மட்டும் என்றால் எட்டில் ஒன்று. 12 ஆண் நாக்-அவுட் வேண்டுமென்றால் 96 குட்டி. ஈற்றுக்கு 6 பால்குடி மறக்கும்வரை பிழைத்தால் 16 ஈற்று. இதற்குப் பதில் இரட்டை லாக்ஸ்-பியும் கிரீயும் கொண்ட எலியையே ஒரு பெற்றோராக வைத்தால் பாதிக் குட்டிகள் நாக்-அவுட், மீதிப் பாதி அதே ஈற்றில் பிறந்த ஒப்பீட்டு எலிகள். 8 ஈற்று போதும்.

கிரீயை எந்தப் பெற்றோர் சுமப்பது? தாய் சுமந்தால் அவளே நாக்-அவுட், ஹார்மோன் ஏறியவள். அவள் குட்டிகளை நக்கிப் பேணும் விதமே மாறலாம், அது குட்டிகளின் அழுத்த அச்சை ஆயுளுக்கும் மாற்றும். எனவே தந்தை சுமப்பதுதான் வழக்கம். ஆனால் சிஏஎம்-கைனேஸ் கிரீ வகைகள் சிலவற்றில் விரையிலும் கிரீ ஓடும். அப்போது விந்திலேயே 3ஆம் எக்ஸான் வெட்டுப்பட்டு, குட்டியின் உடல் முழுவதும் ஒரு பிரதி போய்விடும். இதைக் கண்டுபிடிக்க நல்ல அடையாளம் ஒன்று உண்டு: கிரீ இல்லாத குட்டியின் காதுத் துண்டில் பிசிஆர் (டிஎன்ஏவின் குறிப்பிட்ட துண்டைப் பெருக்கி ஜெல்லில் பட்டையாகக் காட்டும் சோதனை) போட்டு, வெட்டுப்பட்ட பிரதியின் பட்டை தெரிந்தால், வெட்டு முந்தைய தலைமுறையிலேயே நடந்துவிட்டது என்று பொருள். அந்தக் குட்டியையும், அதே தந்தையின் பிற குட்டிகளையும் சோதனையில் சேர்க்கக் கூடாது. கிரீ உள்ள குட்டியில் மங்கலான வெட்டுப் பட்டை தெரிந்தால் பதற வேண்டாம். காதிலும் நரம்பு இருக்கிறது, நெஸ்டின்-கிரீயில் அது வரும்.

ஆகவே பிசிஆரில் லாக்ஸ்-பி, கிரீ என்ற இரண்டோடு நிற்காமல், வெட்டுப்பட்ட பிரதிக்கான மூன்றாவது பிரைமரையும் (எதைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ இழை) எப்போதும் சேர்த்து ஓட்டுங்கள். காதில் 2 மில்லிமீட்டர் துண்டு, 75 மைக்ரோலிட்டர் காரக் கரைசல் (25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 0.2 மில்லிமோலார் ஈடிடிஏ), 95 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம், குளிரவைத்து 75 மைக்ரோலிட்டர் 40 மில்லிமோலார் டிரிஸ் அமிலக் கரைசல். அதில் 1 அல்லது 2 மைக்ரோலிட்டர் போதும். கூடுதலாக ஊற்றினால் பிசிஆர் அடைத்துக்கொள்ளும். ஒற்றை லாக்ஸ்-பி எலியில் சில சமயம் இரண்டு பட்டைக்கு மேலே மூன்றாவதாக ஒன்று வரும். இரு பிரதிகளின் இழைகள் தப்பாக ஜோடி சேர்ந்து ஜெல்லில் மெதுவாக ஓடுவதால் வருவது அது; புதிய அலீல், அதாவது மரபணுவின் புதிய வடிவம், எதுவும் இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஜிஆர் மரபணு இருப்பது 18ஆம் குரோமோசோமில். சிஏஎம்-கைனேஸ்-2 ஆல்ஃபா மரபணுவின் சொந்த இடமும் அதே 18. அந்தச் சொந்த இடத்திலேயே கிரீயைச் செருகிய எலியை எடுத்தால் இரண்டும் பிணைந்தே போகும், மேலே போட்ட கணக்கு எதுவும் பலிக்காது. எங்கோ ஓரிடத்தில் செருகப்பட்ட சாதாரண டிரான்ஸ்ஜீன் என்றால், அது 18இல் விழாத வரை, இந்தத் தொல்லை இல்லை.

ஜே, என்: ஓரெழுத்து வித்தியாசம்

ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் எலி வகை சி57பிஎல்/6. அந்தப் பெயர் மட்டும் பெட்டியில் எழுதியிருந்தால் போதாது. 6ஜே, 6என் என்று இரண்டு கிளைகள். 6ஜே எலியில் என்என்டி என்ற மரபணுவில் 7 முதல் 11 வரையான எக்ஸான்கள் தானாகவே விழுந்துவிட்டன. மைட்டோகாண்டிரியாவில் ஆக்சிஜன் நஞ்சை அடக்க உதவும் மரபணு அது. பல காலம் இதைச் சர்க்கரை ஆய்வு செய்பவர்கள் மட்டுமே பேசினார்கள். 2012இல், மனிதரில் இதே மரபணு கெட்டால் அட்ரினலில் குளுக்கோகார்டிகாய்டு குறையும் பரம்பரை நோய் வருகிறது என்றும், அது இல்லாத எலியின் அட்ரினலில் கார்டிகோஸ்டீரோன் செய்யும் அடுக்கில் செல் சாவு கூடி ஹார்மோன் குறைகிறது என்றும் தெரிந்தது.

நமக்கு இது தலைக்கு மேல் தொங்கும் கத்தி. லாக்ஸ்-பி எலி என் கிளையில், கிரீ எலி ஜே கிளையில் என்று வாங்கிக் கலந்தால், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே என்என்டி கலந்து பிரியும். கார்டிகோஸ்டீரோன் அளவில் வரும் சிதறலுக்கு ஜிஆர் காரணமே இல்லாமல் போகலாம். என்என்டிக்கு ஒரு பிசிஆர் போடுவது அரை நாள் வேலை. கூட்டத்தை ஒரே கிளைக்கு நிலைநிறுத்திவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும். 129 என்ற வேறொரு எலி வகையின் ஸ்டெம் செல்லில் செய்த பழைய எலி என்றால், 10 தலைமுறை பின்கலப்புக்குப் (சி57பிஎல்/6 எலியோடு திரும்பத் திரும்பச் சேர்ப்பது) பிறகும் ஜிஆரை ஒட்டிய குரோமோசோம் பகுதி 129ஆகவே இருக்கும். அதற்கு மருந்து, ஒப்பீட்டு எலியும் அதே லாக்ஸ்-பி பிரதியைச் சுமப்பதுதான்.

ரத்தம் எடுப்பது

கூண்டைத் தொட்ட நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அடிப்படை அளவு வேண்டுமென்றால் 3 நிமிடத்துக்குள் ரத்தம் குழாயில் இருக்க வேண்டும். அதற்குள் ஏசிடிஎச் (அட்ரினலை முடுக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்) ஏறத் தொடங்கினாலும் கார்டிகோஸ்டீரோன் இன்னும் ஏறியிருக்காது. ஒரே கூண்டில் நாலு எலி இருந்தால் நாலாவது எலியின் அளவு அடிப்படை அளவு அல்ல. கூண்டுக்கு ஒன்று எடுங்கள், அல்லது நாலு பேர் சேர்ந்து நின்று எடுங்கள். முந்தின நாள் கூண்டு மாற்றம், பக்கத்து அறையில் துளை போடும் சத்தம், புது ஆள், எல்லாமே எண்ணில் தெரியும்.

வெளிச்சம் வந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்தால் தாழ்ந்த அளவு. அப்போது பொதுவாக மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே வரும். அந்த நேரத்தில் ஒப்பீட்டு எலிகளே 150 காட்டினால், முடிவு எழுதாதீர்கள், அறையைப் பாருங்கள். விளக்கு அணைவதற்கு முன் இன்னொரு முறை எடுங்கள். ஜிஆர் எலிகளில் காலை அளவு இயல்பாகவும் மாலை அளவு மட்டும் மாறியும் இருக்கலாம், மறுதலையாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம்.

அழுத்தத்துக்கு எளிய முறை 30 நிமிட அடைப்பு: 50 மில்லிலிட்டர் குழாயில் காற்றுத் துளை போட்டு எலியை உள்ளே விடுவது. வால் நுனியில் சிறு கீறல், 0, 30, 60, 120 நிமிடங்களில் 20 மைக்ரோலிட்டர் அளவு. ஜிஆர் குறைந்த எலியில் உச்சத்தைவிட இறக்கம்தான் பேசும்: 30இல் இரு குழுவும் ஒன்றாக இருந்து 120இல் பிரிந்தால், அடக்கும் பக்கம் கெட்டிருக்கிறது. ரத்தம் சேகரிக்கும் குழாய் ஈடிடிஏ பூசியதாக, பனிக்கட்டியில். ஏசிடிஎச் விரைவில் சிதையும், அதற்கென்று தனிக் குழாய் வேண்டும். கார்டிகோஸ்டீரோனில் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதங்களோடு ஒட்டியிருக்கும். கிட்டில் தரும் பிரிப்புக் கரைசலை மறந்தால் எண் பாதாளத்துக்குப் போகும். ஆணையும் பெண்ணையும் வரைபடத்தில் ஒரே பட்டையில் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். பெண் எலியில் அளவு இயல்பாகவே கூடுதல்.

டெக்ஸாமெதாசோன் அடக்கச் சோதனையை ஏராளமானோர் மூளை ஜிஆருக்கான சோதனை என்று நினைக்கிறார்கள். குறைந்த அளவில் அந்த மருந்து மூளைக்குள் சரியாகப் போவதில்லை. ரத்த-மூளைத் தடுப்பில் உள்ள பி-கிளைகோபுரதம் அதை வெளியே தள்ளிவிடும். அது முதலில் அடக்குவது பிட்யூட்டரியை.

போனது உண்மையா?

ஜெனோடைப் சொல்வது டிஎன்ஏவின் நிலையை. ஏற்பி போனதா என்பதைத் திசுவில்தான் பார்க்க வேண்டும். மூளையின் முழு ஹிப்போகாம்பஸ் பகுதியை அரைத்து வெஸ்டர்ன் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) போட்டால் சிஏஎம்-கைனேஸ் கிரீ எலியில் பட்டை மறையாது. நரம்பணுவில் போனாலும் ஆஸ்ட்ரோசைட், மைக்ரோகிளியா, ரத்தக்குழாய்ச் செல்களில் ஜிஆர் அப்படியே இருக்கிறது. மிச்சப் பட்டையைப் பார்த்து "40 சதவீத நீக்கம்" என்று எழுதுவதில் பொருளில்லை. சீவலில் நரம்பணுச் சாயத்தோடு சேர்த்து ஜிஆர் சாயம் போட்டு, செல் செல்லாக எண்ண வேண்டும்.

அங்கேயும் கண்ணி உண்டு. ஹிப்போகாம்பஸின் சிஏ1இல் ஜிஆர் நிறைய, சிஏ3இல் இயல்பான எலியிலேயே குறைவு. சிஏ3 வெறுமையாகத் தெரிவதை நீக்கத்துக்குச் சாட்சியாகக் காட்டிய படங்களைப் பார்க்க நேரிடும். அடுத்து, ஹார்மோன் தாழ்ந்த வேளையில் கொன்றால் ஜிஆர் உட்கருவில் குவியாமல் செல் முழுக்கப் பரவியிருக்கும், சாயம் மங்கலாகத் தெரியும். இரு குழுவையும் ஒரே நேரத்தில் எடுங்கள். ஆன்டிபாடி எந்தப் பகுதியைப் பிடிக்கிறது என்றும் பாருங்கள்: புரதத்தின் தொடக்கப் பகுதியைப் பிடிப்பது ஒன்று, வால்பகுதியைப் பிடிப்பது ஒன்று என்று இரண்டும் போட்டால்தான் 1995 எலியில் நடந்தது போன்ற குட்டைப் புரதம் அகப்படும். ஆர்என்ஏவுக்கு 3ஆம் எக்ஸானுக்குள் பிரைமர் வையுங்கள். 8, 9இல் வைத்தால் வெட்டுப்பட்ட பிரதியில் இருந்து வரும் உதவாத ஆர்என்ஏவும் எண்ணிக்கையில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை செய்கிறதா என்று கேளுங்கள்: எலிக்கு மூளையை எட்டும் அளவு ஹார்மோன் கொடுத்து, ஜிஆர் இயக்கும் எஃப்கேபிபி5, பெர்1, கில்ஸ் மரபணுக்கள் ஏறுகின்றனவா என்று பார்ப்பது.

இரண்டையும் பிரிக்க

ஏற்பி இல்லாததன் விளைவு எது, ஏறிய ஹார்மோனின் விளைவு எது? நேர் வழி, இரு குழுவிலும் அட்ரினலை அகற்றிவிட்டு ஒரே அளவு ஹார்மோனைத் திருப்பிக் கொடுப்பது. கார்டிகோஸ்டீரோனை முதலில் எத்தனாலில் கரைத்து, மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம் அளவில் குடிநீரில் கலக்கலாம்; எத்தனால் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நீரில் 0.9 சதவீத உப்பு கட்டாயம். அல்டோஸ்டீரோனும் போய்விட்டதால் உப்பில்லாமல் எலி சில நாளில் சாகும். தோலுக்கடியில் வைக்கும் மாத்திரையைவிடக் குடிநீர் மேல்: எலி இரவில் குடிக்கும், அதனால் அளவு இரவில் ஏறிப் பகலில் இறங்கும். மாத்திரை நாள் முழுக்க ஒரே மட்டத்தில் வைக்கும். அது எந்த எலிக்கும் இயல்பல்ல.

பிசகுவது இரண்டு இடத்தில். சுண்டெலிக்கு அட்ரினலை ஒட்டித் துணை அட்ரினல் துணுக்குகள் இருக்கும். சுரப்பியை எடுத்த பிறகும் ஹார்மோன் மெல்லத் திரும்பும். அறுவைக்குப் பின் ஹார்மோன் கலக்காத உப்பு நீரில் ஒரு நாள் வைத்து, அழுத்தம் கொடுத்து அளந்து, ஏறும் எலியை ஒதுக்க வேண்டும். இரண்டாவது, அட்ரினலோடு அட்ரினலினும் போய்விடுகிறது. ஆகவே அறுவை செய்யாத இணையான குழு ஒன்றும் பக்கத்தில் வேண்டும். இரண்டு குழுவிலும் ஒரே மாற்றம் வந்தால் அது ஏற்பியின் கணக்கு. அட்ரினல் உள்ள குழுவில் மட்டும் வந்து, அளவைச் சமப்படுத்தியதும் மறைந்தால் அது ஹார்மோனின் கணக்கு.

நடத்தைச் சோதனைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே ஒன்று மட்டும். உயர்த்திய கூட்டல் வடிவப் பாதை, திறந்த வெளி, நீரில் நீந்தவிடுதல் எல்லாமே எலி நடமாடும் அளவைச் சார்ந்தவை. ஜிஆர் நீக்கிய எலிகளில் நடமாட்டமே மாறலாம். மொத்தத் தூரத்தைக் காட்டாமல் "பதற்றம் குறைந்தது" என்று எழுதிய படத்தை நம்பாதீர்கள். அழுத்தம் குறைந்த சோதனையை முதலிலும் நீச்சலைக் கடைசியிலும் வையுங்கள். இடையில் ஒரு வாரம். வாலைப் பிடித்துத் தூக்குவதைவிட குழாயில் ஏறவிட்டு எடுத்தால் எலி அமைதியாக இருக்கும் என்று 2010இல் காட்டிவிட்டார்கள், இருந்தும் வாலைப் பிடிக்கும் பழக்கம் போகவில்லை.

எலியைக் கொல்லும் நாளில் வாலில் இருந்து இன்னொரு துண்டு எடுத்து ஜெனோடைப்பை மறுபடி போடுங்கள். காது அடையாளம் கிழிந்து மாறியிருக்கும், கூண்டு அட்டை இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு குழுவிலும் ஓரெலி தவறாக இருந்தாலும் 12இல் கணக்கு புரண்டுவிடும். அதே நாளில் தைமஸையும் அட்ரினலையும் எடுத்து எடை போட்டு, உடல் எடையால் வகுத்து எழுதி வையுங்கள். வாரக்கணக்கில் ஹார்மோன் ஏறியிருந்தால் தைமஸ் சுருங்கியிருக்கும். ஒரு வேளை எடுத்த ரத்த அளவு அதை உங்களுக்குச் சொல்லாது.